தைராய்டு கண் நோய்க்கு 12 வார ஸ்டீராய்டு டிரிப்: முதல் வாரம் வீணான விதம்

கண் சிவப்பும் இமை வீக்கமும் வற்றிவிட்டன, நிம்மதி. ஆனால் முதல் வாரத்தை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. கையில் ஊசி குத்தப்போகும் நேரத்தில்தான் "ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட் எங்கே?" என்றார்கள். டெஸ்ட் சீட்டில் அதை யாரும் எழுதவே இல்லை. ஒரு வாரம் போயிற்று. கேட்டதில் தவறில்லை. உடலில் பதுங்கியிருக்கும் அந்த வைரஸை ஸ்டீராய்டு கிளப்பிவிட்டால் கல்லீரலுக்கே ஆபத்து. எஸ்ஜிபிடி (கல்லீரல் சோதனை), சுகர், பி.பி., தைராய்டு அளவு எல்லாவற்றோடும் இதையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மருந்து மெத்தில்பிரெட்னிசோலோன். வாரம் ஒரு முறை, முதல் 6 வாரம் 500 மி.கி., அடுத்த 6 வாரம் 250 மி.கி.; மொத்தம் 4.5 கிராம். கல்லீரலைக் காக்கத்தான் ஒரு சுற்றில் 8 கிராமைத் தாண்டவிடுவதில்லை. மருந்துக் கடையில் 1 கிராம் குப்பியை நீட்டினார்கள். பார்வை நரம்பு நசுங்கும் அவசரத்தில் அடுத்தடுத்த நாட்களில் கொடுக்கும் அளவு அது. பில் போடும் முன் குப்பியில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

3-ஆம் வாரம் டிரிப்பை வேகமாகத் திறந்துவிட்டார்கள், நெஞ்சு படபடத்தது. இதயத் துடிப்பே தாறுமாறாகக்கூடிய விஷயம் இது. 1 மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். காலையிலேயே ஏற்றிக்கொள்வது நல்லது, மாலையில் ஏற்றினால் இரவு தூக்கம் வராது. மறுநாள் வெறும் வயிற்றுச் சுகரை மட்டும் நம்ப வேண்டாம். ஏற்றிய அன்று பிற்பகலிலும் மாலையிலும்தான் அது எகிறும்.

கண் பிதுக்கம் இதில் பெரிதாகக் குறையாது. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். பிதுக்கத்தைக் குறைக்கும் டெப்ரோடுமுமாப் என்ற வேறொரு டிரிப் மருந்து 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது: 3 வாரத்துக்கு ஒன்றாக 8 முறை. அதில் காது கேட்பது குறையலாம், அதனால் தொடங்கும் முன்பே செவித்திறன் சோதனை செய்துவிட வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஸ்டீராய்டு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

வீட்டில் தினமும் ஒரு சிவப்பு மூடியை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால் பார்வை நரம்பு நசுங்கத் தொடங்கியிருக்கலாம்; அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.