கொடி வீடு வர வேண்டும்

மார்ச் 4, 2025

அம்மா கழுத்திலிருந்து அறுத்துக்கொண்டு போன தாலிக்கொடியைத் திரும்பக் கேட்டு மனு போட்டாகிவிட்டது. பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 497. கோர்ட்டில் பாதிப் பேர் இன்னும் பழைய சட்டத்தின் 451 என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து படிவம் 95 போட்டு நகையைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டார்கள். கோர்ட்டில் அதற்குக் கொடுக்கும் சொத்து எண்ணும் விழுந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "கொக்கி இருக்கான்னு பாத்தியா?" என்றாள்.

மார்ச் 5

அடகுக்கடையில் நகையைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரில் 38.200 கிராம். எஃப்.ஐ.ஆரில் ஐந்து சவரன், அதாவது 40. மீதி எங்கே போனது? அறுத்து இழுத்தபோது ரோட்டில் விழுந்ததா, அடகுக்கடையிலா? தூக்கமே இல்லை. எடை ஒத்துவரவில்லை, இது உங்கள் நகையே இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால்? விடிந்ததும் வக்கீலுக்கு போன். "அறுந்த நகைன்னா குறையத்தாம்மா செய்யும். அடையாளம் சொன்னா போதும்."

மார்ச் 7

ஸ்டேஷன் பதில் வரவில்லை. வாய்தா.

மார்ச் 12

அடகுக்கடைக்காரர் வக்கீல் வைத்து ஆட்சேபனை போட்டிருக்கிறார். திருட்டு நகை என்று தெரியாமல் பணம் கொடுத்தாராம், நகை தனக்கு வர வேண்டுமாம். பில் எங்கே என்கிறார்கள். 1988-இல் தாத்தா செய்து போட்டதற்கு யார் பில் வைத்திருப்பார்கள்? கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாலைக்குள் கொடி பாதி மறைந்திருக்கிறது.

நகை யாருக்குச் சொந்தம் என்று இந்த மனுவில் முடிவு செய்ய மாட்டார்களாம். வழக்கு முடியும்வரை யார் கையில் இருக்கலாம் என்பது மட்டும்தான். கடைசி முடிவு தீர்ப்போடு, அதே சட்டத்தின் 498-ஆம் பிரிவில். யாரிடமிருந்து பறித்தார்களோ அவளிடம் கொடுப்பதற்கு இவ்வளவு யோசனையா?

மார்ச் 13

அம்மா கழுத்துக் காயம் ஆறிவிட்டது. மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை முந்தானையால் மூடியே வைத்திருக்கிறாள்.

மார்ச் 19

இன்று அம்மாவையும் வரச் சொன்னார்கள். அரக்கு சீல் வைத்த காக்கிக் கவரைப் பிரித்தார்கள். கொடி இரண்டு துண்டாகக் கிடந்தது. அம்மா தொடவில்லை. கொக்கிப் பக்கத்து வளையத்தில் செம்பு நிறத்தில் பற்றவைத்த பொட்டு இருக்கும், நான் குழந்தையாக இருந்தபோது பிடித்து இழுத்து அறுந்தது என்று சொன்னாள். இருந்தது! நடுவர் ஐயா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பட்டியல் எடு, போட்டோ எடு, பிணைப்பத்திரம் வாங்கு, பொருளைக் கொடு. புதுச் சட்டத்தில் கெடுவே இருக்கிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்து 14 நாளில் விவரப் பட்டியல், அதிலிருந்து 30 நாளில் உத்தரவு. விசாரணையில் அந்தப் போட்டோவே சாட்சியம் ஆகும். பிறகு நகை எதற்காகப் பெட்டிக்குள் கிடக்க வேண்டும்?

மார்ச் 24

உத்தரவு வந்துவிட்டது! அம்மாவுக்கே.

ராத்திரி. நிபந்தனைகளை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். பிணைப்பத்திரம், ஜாமீன் இரண்டு பேர். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, கேட்கும்போது ஆஜர்படுத்த வேண்டும், உருமாற்றக் கூடாது. உருமாற்றக் கூடாது என்றால் அறுந்ததைப் பற்றவைக்கவும் முடியாதா? வழக்கு முடிய எத்தனை வருஷம் ஆகுமோ, அதுவரை துண்டாகவே பீரோவில் இருக்கட்டும் என்பதா? அம்மா ஆசாரியிடம் சொல்லிவைத்தே விட்டாள்.

மார்ச் 25

பற்றவைக்கத் தனியாக அனுமதி மனு போடலாம் என்கிறார் வக்கீல். முதலில் ஜாமீன். பெரியப்பா வருகிறேன் என்றார், வீட்டு வரி ரசீது பழசாம். சித்தப்பாவிடம் கேட்க வேண்டும். அம்மாவிடம் நிபந்தனையை இன்னும் சொல்லவில்லை.