கோல்கீப்பரை 18 வயசில் எடை போட முடியாது

வடசென்னையில் ஐஸ் என்றால் காசிமேட்டில் மீன் பெட்டிக்குள் அள்ளிக் கொட்டுகிற ஐஸ்தான். அதன் மேல் ஸ்கேட் கட்டி ஆடுகிற ஹாக்கியைப் பற்றி, ஃபுட்பால் ஆடுகிற வியாசர்பாடியில் எதற்குப் பேச வேண்டும்? கோல் அளவைப் பாருங்கள், புரியும். பெரிய ஃபுட்பால் கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். ஐஸ் ஹாக்கி கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். நம்ம பசங்க தெருவில் ரெண்டு செங்கல் வைத்துப் போடுகிற கோல் இரண்டாவதற்குத்தான் கிட்ட வரும். அங்கே பாய்ந்து பிடிக்கிறவனைவிட உடம்பால் அடைக்கிறவனுக்குத்தான் வேலை. அந்த அடைக்கிற வித்தையில் ஐஸ் ஹாக்கி கோலிகளிடம், அதாவது கோல்கீப்பர்களிடம், எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில், அங்கே கோலியை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று பார்ப்போம். அதற்குப் பெயர் டிராஃப்ட். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் 32 அணிகள். வருடா வருடம் 7 சுற்று, மொத்தம் 224 பசங்களை அணிகள் வரிசையாக எடுக்கும். பெரும்பாலும் 18 வயதுக்காரர்கள். கோல் அடிக்கிற பையனை அந்த வயதில் ஓரளவு கணிக்கலாம். கோலி விஷயத்தில்தான் பெரிய பெரிய ஆட்களுக்கே கணக்கு தப்புகிறது.

2000 டிராஃப்ட் இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி முதல் ஆளாக எடுத்தது ரிக் டிபியட்ரோ என்ற கோலியை. அவருக்கு இடம் வேண்டுமென்று, கையில் இருந்த ராபர்டோ லுவாங்கோ என்ற கோலியை அன்றைக்கே ஃப்ளோரிடா அணிக்குத் தள்ளிவிட்டார்கள். 2006ல் டிபியட்ரோவுக்கு 15 வருட ஒப்பந்தம், 6.75 கோடி டாலர். இடுப்பும் முட்டியும் அவரைப் படுத்தி எடுத்தன. 2013ல் மீதிக் காசில் மூன்றில் ரெண்டு பங்கைத் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே டிராஃப்டில் 205வது ஆளாக, கிட்டத்தட்ட கழித்துக் கட்டிய இடத்தில் போனவர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அவரும் லுவாங்கோவும் இன்றைக்கு ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது ஹாக்கி ஜாம்பவான்கள் பட்டியலில், இருக்கிறார்கள்.

2012லும் கிட்டத்தட்ட அதே கதை. கானர் ஹெல்லபக் 130வது ஆள். அதுவரை அவர் ஆடிக்கொண்டிருந்தது டெக்சாஸில் ஒடெசா என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில். அதற்குப் பிறகு கல்லூரியில் ரெண்டு சீசன், கீழ் லீகில் ஒரு சீசன், அப்புறம்தான் மேலே. சிறந்த கோலிக்கான வெசினா விருதை மூன்று முறை வாங்கிவிட்டார். செர்கேய் பாப்ரோவ்ஸ்கியை எந்த டிராஃப்டிலும் யாரும் எடுக்கவே இல்லை. அவருக்கு ரெண்டு வெசினா. ஒண்ணைச் சொல்லாமல் விடக்கூடாது: 2012ல் 19வது ஆளாகப் போன கோலி ஆந்த்ரே வாசிலெவ்ஸ்கி எதிர்பார்த்த மாதிரியே ஜெயித்தார். முதல் சுற்றில் கோலியை எடுப்பது முட்டாள்தனம் இல்லை. எந்தக் கோலி என்பதுதான் தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்கு ஒரு கணக்கு. கோலிகளை அளக்கிற அளவுகோல் சேவ் சதவீதம், அதாவது வந்த ஷாட்களில் நூற்றுக்கு எத்தனை தடுத்தான் என்பது. 91 சதவீதம் தடுக்கிற ஒருவன் ஒரு சீசனில் 1000 ஷாட் வாங்குகிறான் என்று வையுங்கள். அவன் திறமை இம்மி மாறாமல் இருந்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அந்த எண் சுமார் 0.9 சதவீதம் மேலேயோ கீழேயோ ஆடும். ஆக 92 வாங்கினவனுக்கும் 91 வாங்கினவனுக்கும் நடுவே நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா என்று ஒரு சீசனை வைத்துச் சொல்லவே முடியாது. இதோடு முன்னால் நிற்கிற டிஃபென்ஸ் எப்படி, ஷாட் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் கலந்துவிடும். ஏரியா டோர்னமெண்டில் ஒரே நாள் நாலு மேட்ச் பார்த்துவிட்டு 'இவன்தான்டா கோலி' என்று முடிவு கட்டுவது எந்த ரகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் விவரமான ஸ்கவுட்கள், அதாவது அணிக்கு ஆள் தேடுகிறவர்கள், தடுப்பதைப் பார்ப்பதில்லை, தடுப்பதற்கு முந்தைய ஒரு நொடியைப் பார்க்கிறார்கள். மணிக்கு 145 கிலோமீட்டரில் 20 அடியிலிருந்து வருகிற பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கிற ரப்பர் வட்டு), கோலுக்கு வர 0.15 நொடிதான் ஆகும். மனிதக் கண் பார்த்து கை அசையவே 0.2 நொடி வேண்டும். அதாவது அடித்த பிறகு ரியாக்ட் பண்ணித் தடுப்பதெல்லாம் அங்கே கிடையாது. அடிப்பதற்கு முன்னாலேயே சரியான இடத்தில், கால் நின்று, கண் பக்கின் மேல் இருந்தால்தான் உண்டு. அதனால் சும்மா நின்ற இடத்தில் மார்பில் வாங்குகிறவன் பெரும்பாலும் நல்ல கோலி. ஒவ்வொரு பந்துக்கும் பறந்து விழுகிறவன் லேட்டாக வந்தவனாக இருக்கலாம். நம்ம ஊரில் கைதட்டல் ரெண்டாமவனுக்குத்தான்.

இதைப் பசங்களுக்குக் காட்ட ஒரு கயிறு போதும். துணி காயப்போடுகிற நைலான் கயிறு, 20 மீட்டர். 6 அடி இடைவெளியில் ரெண்டு செங்கல். நேர் எதிரே 20 அடியில் பந்து. ஒரு செங்கல்லில் கட்டி, பந்துக்கடியில் ஆணி அடித்துச் சுற்றி, அடுத்த செங்கல்லுக்குக் கொண்டுபோனால் முக்கோணம் கிடைக்கும். கோட்டிலேயே நின்றால் அடைக்க வேண்டியது 6 அடி. 5 அடி முன்னால் வந்தால் நாலரை அடி. 8 அடி வந்தால் 3.6 அடி. ரெண்டு கயிற்றுக்கும் நடுவே பையனை நிறுத்திக் கையை விரிக்கச் சொல்லுங்கள். விரல் நுனி கயிற்றைத் தொடுகிற இடம் அவனுடைய இடம். இன்னொரு பையனை பந்துக்குப் பின்னால் தரையோடு குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கோல் எவ்வளவு தெரிகிறது என்று அவனே சொல்வான். நின்று பார்த்தால் மேலே நிறைய இடம் இருப்பது போலத் தோன்றும். பந்து தரையில் இருக்கிறது, பார்வையும் அங்கிருந்துதான் வேண்டும்.

இத்தோடு விட்டால் ஆபத்து. லைனுக்கு வெளியே நிற்கிற அண்ணன்கள் எல்லோரும் 'வெளிய வாடா, வெளிய வாடா' என்று கத்துகிற பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்போது பந்தை 10 அடி பக்கவாட்டில் இன்னொருவனுக்குத் தள்ளச் சொல்லுங்கள். கோலி 3 அடி முன்னால் நின்றிருந்தால், அதே தூரத்தில் புது இடத்துக்கு நகர ஒன்றரை அடிக்கும் கம்மி. 8 அடி முன்னால் வந்திருந்தால் மூணே முக்கால் அடி கிட்ட நகர வேண்டும். பந்து அதற்குள் உள்ளே. பாஸ் வர ஆள் இருந்தால் உள்ளே, ஒற்றை ஆள் வந்தால் வெளியே. எவ்வளவு என்பதைக் கயிறு சொல்லிக்கொடுக்கும், கத்தல் சொல்லிக்கொடுக்காது.

நகரும்போது வரிசை முக்கியம்: முதலில் தலை, அப்புறம் கை, கடைசியில் கால். காலை முதலில் நகர்த்துகிறவன் பந்தைப் பார்க்காமலே போய்ச் சேர்கிறான். கீழே இருந்து எழும்போதும் ஒரு தப்பு எல்லோரிடமும் உண்டு. பந்து இடது பக்கம் போனால் ஊன்ற வேண்டியது வலது கால், அதுதான் தள்ளும். பசங்க பந்துக்குப் பக்கத்துக் காலையே தூக்குவார்கள். தள்ள ஒன்றும் இருக்காது, அப்படியே சாய்ந்து விழுவார்கள்.

பட்டர்ஃப்ளை என்று சொல்லப்படுகிற, ரெண்டு முட்டியையும் உள்பக்கம் மடித்து விழுகிற பாணியைச் சின்னப் பசங்களுக்கு அப்படியே இறக்குமதி பண்ண வேண்டாம். முட்டி உள்ளே திரும்பும்போது தொடை எலும்பின் உருண்டையான மேல்முனை இடுப்புக் குழியின் விளிம்பில் இடிக்கும். வளர்கிற வயதில் இடித்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் எலும்பு தடித்துவிடும். ஹாக்கி கோலிகளுக்கு இடுப்பு ஆபரேஷன் சகஜமானதற்கு இதுவும் காரணம். அங்கே காலில் 11 அங்குல அகல பேட், கீழே வழுக்குகிற ஐஸ். இங்கே சிமெண்ட் தரை, அரை டிராயர். ஒற்றை முட்டி போதும்: ஒரு முட்டியை அடுத்த குதிகாலுக்குப் பக்கத்தில் இறக்கி, மற்ற காலை மடக்கி வெளியே வைத்தால் நடு ஓட்டை அடைபடும். பெரியமேட்டில் கிடைக்கிற வாலிபால் முட்டிக் கவசம் (நீ கேப்) ஒரு ஜோடி கட்டாயம். 12 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு 30 தடவைக்கு மேல் இறக்காதீர்கள், இது என் கணக்கு.

மேட்ச் முக்கியம். பெரிய டீமில் பெஞ்சில் உட்காருவதைவிடச் சின்ன டீமில் முழு நேரம் நிற்பது மேல். ஹெல்லபக் ஒடெசாவில் செய்தது அதுதான். ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு நோட்டில், வாங்கின கோல் ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அடித்தபோது கோலி நின்றிருந்தானா நகர்ந்துகொண்டிருந்தானா, அதற்கு முன் குறுக்கே பாஸ் வந்ததா, பந்து முட்டிக்கு மேலா கீழா. பத்து மேட்ச் கழித்துப் புரட்டுங்கள். 'நகர்ந்துகொண்டிருந்தான், பாஸ் வந்தது' என்று பாதிக்கு மேல் இருந்தால் கயிற்றை மறுபடி எடுத்து, அடிக்கிற இடத்தில் ரெண்டு பேரை நிறுத்துங்கள்.