ஐந்தாம் நிலையில் நின்றவர்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது ஏற்காட்டுக்குப் போய், அங்குள்ள கோயிலில் சிலுவைப்பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாக நினைத்துச் செய்யும் ஜெபம், செய்துவிட்டு வருவது அப்பாவின் வழக்கம். சேலத்தில் எங்கள் செவ்வாய்ப்பேட்டையிலேயே ஜெயராக்கினி அன்னை ஆலயம் இருக்க, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எதற்கு என்று அம்மா கேட்பார். "மலை ஏறித்தானே இயேசுவும் போனார்" என்பார் அப்பா. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வழக்கத்தை நான் விடவில்லை.

இந்த ஆண்டு துணைக்கு ஒருவர் வந்தார். கொலுசுப் பட்டறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகள் வேலை செய்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் அவர் வீட்டில் கூழ் ஊற்றாமல் இருக்கமாட்டார்கள். "உன் அப்பா வருஷம் தவறாமல் போவாரே, அந்தக் கோயிலை நான் பார்த்ததே இல்லை, கண்ணு. நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

முந்தின வாரம் மலையில் நல்ல மழை. சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடிகள் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தன. மல்லிகையைப் போன்ற வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. இந்த மலையில் கிறிஸ்தவம் என்றால் எல்லாரும் பள்ளிக்கூடங்களைத்தான் சொல்வார்கள். 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியைப் பற்றி நானும் மாமாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, "உன் அப்பாவின் தூள் கதை உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது.

பட்டறையில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள், கொலுசாக நிறுத்து வாங்குவார்கள். நடுவில் குறைவது சேதாரம். இவ்வளவு போகலாம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. அரம் போடும்போது உதிரும் தூள் மடியில் விழும், பலகை இடுக்கில் தங்கும், நகக்கண்ணில் ஏறும். கைசுத்தமாக வேலை செய்கிறவனுக்கு அந்தக் கணக்கைவிடக் குறைவாகவே போகும். மிச்சம் அவனுக்குத்தான் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. அப்பா மடியில் பழைய வேட்டித் துணியை விரித்து, சாயங்காலம் சிறு பிரஷ்ஷால் தூளைக் கூட்டிப் பொட்டலமாக மடித்து, கொலுசோடு சேர்த்துத் தராசில் வைத்துவிடுவாராம்.

"முதல் ஒரு வருஷம் அவர்மேல் எனக்குக் கோபம்தான். அவர் தூளைக் கொடுத்தால், உன்னுடையது எங்கே என்று என்னைக் கேட்பார்களே! ஆனால் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலாளியிடமும் சொன்னதில்லை. என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் பங்குக் கொலுசையும் ராத்திரி உட்கார்ந்து அவரே முடித்து வைத்திருந்தார். அதில் உதிர்ந்த தூளும் தனிப் பொட்டலமாக இருந்தது. மேலே என் பெயர். அதை நான் எப்படிப் பையில் போட்டுக்கொள்வேன்? கொடுத்துவிட்டேன். அன்று தொடங்கியது, இன்றுவரை கொடுக்கிறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஞாயிறு மறைக்கல்வியில் பூமிக்கு உப்பாக இருங்கள், உலகுக்கு ஒளியாக இருங்கள் என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் எரிந்த விளக்கைப் பக்கத்துப் பலகைக்காரர் சொல்லித்தான் பார்க்கிறேன். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற சொல்லை அப்பா எவ்வளவு நேராக எடுத்துக்கொண்டிருக்கிறார்!

கோயிலில் சிலுவைப்பாதை தொடங்கியது. சுவரில் 14 நிலைகள். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று நாங்கள் முழங்காலிடும்போதெல்லாம் மாமா கைகூப்பி நின்றார். ஐந்தாம் நிலையில் என் பக்கம் குனிந்து, "சிலுவையைப் பிடிக்கிறாரே, இவர் சீடரா?" என்றார்.

"இல்லை மாமா. சிரேன் ஊர்ச் சீமோன். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைக் கட்டாயப்படுத்தித் தூக்க வைத்தார்கள்."

"அதற்கப்புறம்?"

அதற்கப்புறம் சீமோனைப் பற்றி நற்செய்தியில் எதுவும் இல்லை. ஆனால் மாற்கு மட்டும் அவரை அலக்சாந்தர், ரூபு என்பவர்களின் தந்தை என்று குறிப்பிடுகிறார். படிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருந்தால்தானே அப்படி எழுத முடியும்? பவுலும் உரோமையருக்கு எழுதும்போது ஒரு ரூபுவை வாழ்த்தி, அவருடைய தாய் எனக்கும் தாய் போன்றவர் என்கிறார். அந்த ரூபுதான் இவர் என்று நம்புகிறவர்கள் உண்டு. எனக்கும் அப்படி நம்பவே ஆசை. வழிபாடு முடிந்து வாசல் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. வளைவுக்கு வளைவு, கீழே சேலத்தின் விளக்குகள் தெரிந்து மறைந்தன.

"திங்கட்கிழமை ஒரு பையன் வேலைக்கு வருகிறான். பதினெட்டு வயது" என்றார் மாமா. "உன் அப்பாவின் பிரஷ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதலில் தூள் கூட்டத்தான் அவனுக்குச் சொல்லித் தரவேண்டும்."