ஏழு மணி நேரம் பேசிய பிறகும்

ஒஹாயோவில் ஒரு கிளினிக்கின் பில்லிங் பிரிவில் 2006இல் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான். டாக்டர் பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு க்ளெய்ம் அனுப்ப வேண்டும். அவர்கள் மறுத்தால் காரணம் கேட்டு, தேவையான காகிதங்களைச் சேர்த்து, மறுபடி அனுப்ப வேண்டும். அதற்கும் மறுத்தால் நோயாளியைக் கூப்பிட்டு, இது உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலை எனக்கு இன்னும் பழகவில்லை.

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தால், அரசாங்கம் தலையிடலாமா கூடாதா என்ற கொள்கைச் சண்டை என்று நம்மவர்கள் முடித்துவிடுகிறார்கள். கொள்கை இல்லாமல் இல்லை. ஆனால் 2009லிருந்து இதை டிவியிலும் என் மேசையிலும் சேர்த்தே பார்த்துவந்த எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. எதிர்க்கட்சியும் கூட வரட்டும் என்று ஒரு அதிபர் எவ்வளவு காலம் காத்திருக்கலாம்? வராவிட்டால் தனியாகச் செய்து முடிப்பதற்கு என்ன விலை, அதை யார் கொடுப்பது?

ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா 2010இல் கொண்டுவந்த, ஒபாமாகேர் என்று சொல்லப்படும் காப்பீட்டுச் சட்டத்துக்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. பெரிய கம்பெனியில் வேலை என்றால் கவலை குறைவு. சொந்தத் தொழில் செய்பவரோ வேலை போனவரோ தனியாக பாலிசி வாங்கப் போனால், பழைய நோய்களையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதச் சொல்வார்கள். சர்க்கரை இருக்கிறதா, பெரும்பாலும் பாலிசி கிடைக்காது. கிடைத்தாலும் அந்த நோயை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும். ஒரே வயதில் பல மாநிலங்களில் ஆணைவிடப் பெண்ணுக்கு பிரீமியம் கூடுதல். ஆயுள் முழுவதற்கும் இவ்வளவுதான் என்று பல பாலிசிகளில் ஒரு வரம்பு; குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஐசியுவில் சில மாதம் இருந்தால் நடை பழகும் முன்பே அது தீர்ந்துபோகலாம். எங்கள் கிளினிக்குக்கு வரும் ஒரு பெயின்டர், வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர், ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டுவந்தார். செலவு பாதியாகும் என்பது அவர் கணக்கு. 2010இல் இந்த நாட்டில் காப்பீடு இல்லாதவர்கள் ஏறக்குறைய 4.8 கோடிப் பேர். அவரும் அதில் ஒருவர்.

இதைச் சரிசெய்ய ஒபாமா எடுத்தது இடதுசாரி வழி அல்ல. காப்பீட்டைத் தனியார் கம்பெனிகளே விற்கலாம். நோயைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது. அதற்கு ஈடாக எல்லோரும் காப்பீடு வாங்கியாக வேண்டும். வாங்க முடியாதவர்களுக்கு மானியம். எல்லோரும் வாங்கியாக வேண்டும் என்ற யோசனையை 1989இல் முன்வைத்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி அமைப்பு. மாசசூசெட்ஸில் 2006இல் அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. அந்த மேடையில் ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடியும் இருந்தார். இரண்டு கட்சியும் சேர்ந்து பெற்ற திட்டம் என்று சொல்லலாம். மூன்றே வருடத்தில் ஒரு கட்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மறுத்தது.

ஒபாமா காத்திருந்தார். 1993இல் கிளிண்டன் வெள்ளை மாளிகையிலேயே திட்டத்தை எழுதி அனுப்பி, அது இரு சபைகளிலும் வாக்கெடுப்புக்குக்கூட வராமல் மடிந்ததைப் பார்த்தவர் அவர். அதனால் காங்கிரஸே எழுதட்டும் என்று விட்டார். செனட் நிதிக் குழுத் தலைவர் மேக்ஸ் பாக்கஸ் தன் கட்சியில் மூன்று பேர், எதிர்க்கட்சியில் மூன்று பேர் என்று உட்காரவைத்து 2009 கோடை முழுக்கப் பேசினார். அந்தக் காத்திருப்பு தப்பு என்று நினைக்கிறேன். ஏன் என்றால், அதே ஆகஸ்டில்தான் 'மரணக் குழு' என்ற பொய் நாடெங்கும் பரவியது. வயதானவர்கள் வாழலாமா சாகலாமா என்று அரசாங்கக் குழு முடிவெடுக்கப்போகிறது என்றார் 2008இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின். அந்த ஆறு பேரில் ஒருவரான குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லி, பாட்டிக்குப் பொருத்திய கருவியைப் பிடுங்குவதா என்பதை அரசாங்கம் தீர்மானிக்கக் கூடாது என்று அயோவாவில் ஒரு கூட்டத்தில் பேசினார். பேச்சுவார்த்தை மேசையில் இருக்கும் ஒருவரே வெளியே போய் இப்படிச் சொல்லும்போது, அந்த மேசைக்கு இனி என்ன வேலை?

மசோதாவில் உண்மையில் இருந்தது இதுதான்: கடைசிக் காலத்தில் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளி தன் டாக்டரோடு விரும்பிப் பேசினால், அந்த நேரத்துக்கு, முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசாங்கக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்கும். அவ்வளவுதான். பயந்துபோய் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். பிறகு 2016 ஜனவரியிலிருந்து மெடிகேர் விதியின் வழியாக அதே விஷயம் சத்தமில்லாமல் வந்தது. 99497 என்று கோட். நானே அடிக்கடி போடுகிறேன். வயதான தம்பதிகள் டாக்டரோடு நிதானமாகப் பேசிவிட்டு, மகளுக்குக் கொடுக்க ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதற்காகவா அத்தனை கூச்சல் என்று ஒவ்வொரு முறையும் மனசு கொதிக்கிறது. இடையில் இந்தப் பேச்சு நடக்காமலே எத்தனை பேர் போயிருப்பார்கள்!

2009 ஆகஸ்டில் கென்னடி இறந்தார். டிசம்பர் 24 காலை செனட்டில் மசோதா 60-39 என்று நிறைவேறியது. 2010 ஜனவரி 19 அன்று கென்னடியின் இடத்தையே குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் பிடித்தார். செனட்டில் முட்டுக்கட்டையை உடைக்க 60 ஓட்டு வேண்டும், இனி 59தான். சின்னதாக ஏதாவது செய்துவிட்டு ஒதுங்கலாம் என்றார் அதிபரின் தலைமை அதிகாரி ராம் இமானுவேல். சபாநாயகர் நான்சி பெலோசி அதற்கு உடன்படவில்லை. ஒபாமா பெலோசியின் பக்கம் நின்றார்.

ஆனால் அதற்கும் முன்னால் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிப்ரவரி 25, பிளேர் ஹவுஸ், வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் விருந்தினர் மாளிகை. இரண்டு கட்சித் தலைவர்களும் சதுரமாகப் போட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து, டிவி கேமரா முன்னால் ஏறக்குறைய ஏழு மணி நேரம் பேசினார்கள். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பார்த்தேன். அமெரிக்க அரசியலில் நான் பார்த்தவற்றில் இவ்வளவு நேர்மையான காட்சி வேறு இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

குடியரசுக் கட்சி செனட்டர் லமார் அலெக்சாண்டர் மசோதாவைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார். அதே கட்சியின் எரிக் கேன்டர் 2,000 பக்கத்துக்கு மேற்பட்ட மசோதாவை அப்படியே கட்டாகக் கொண்டுவந்து முன்னால் வைத்துக்கொண்டார். ஒபாமா கட்சியின் லூயிஸ் ஸ்லாட்டர், பல்செட் வாங்க வழியில்லாமல் செத்துப்போன அக்காவின் பல்செட்டை மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்தது. குடியரசுக் கட்சியின் பால் ரயன், வரியைப் பத்து வருடத்துக்கு வசூலித்து ஆறு வருடத்துக்கு மட்டும் செலவு காட்டினால் பற்றாக்குறை குறைகிற மாதிரிதான் தெரியும் என்று கணக்கைப் பிடித்தார். அவர் கட்சி எனக்குப் பிடிக்காது. ஆனால் அது சரியான கேள்வி, அன்றைய பதில் எனக்குப் போதவில்லை. அதே கட்சியின் டாம் கோபர்ன், அவர் ஒரு டாக்டர், மோசடியைப் பிடிக்க நோயாளி வேஷத்தில் ஆட்களை அனுப்பலாம் என்றார். 2008 அதிபர் தேர்தலில் ஒபாமாவிடம் தோற்ற ஜான் மெக்கெயின், அறைக்குள் நடந்த ரகசிய பேரங்களைப் பட்டியலிட்டார். நாம் இப்போது பிரசாரத்தில் இல்லை, தேர்தல் முடிந்துவிட்டது என்று ஒபாமா குறுக்கிட, அது தினமும் நினைவுக்கு வருகிறது என்றார் மெக்கெயின். தோற்றவரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

சில நாளில் ஒபாமா கடிதம் எழுதினார். கோபர்னின் யோசனை உட்பட எதிர்க்கட்சியின் நான்கு யோசனைகளைச் சேர்க்கத் தயார் என்றார். ஒரு ஓட்டுகூட வரவில்லை. செனட் முன்பே நிறைவேற்றியிருந்த மசோதாவையே மார்ச் 21 இரவு பிரதிநிதிகள் சபை 219-212 என்று ஏற்றது. அவர் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆதரித்தவர்களில் பலர் தங்கள் பதவி போகும் என்று தெரிந்தே போட்டார்கள். நவம்பரில் கட்சி 63 இடங்களை இழந்தது. தலைமை என்று நான் மதிப்பது அந்தக் குளிர்கால முடிவைத்தான். பதவி போனாலும் போகட்டும், இதை விட்டால் இன்னொரு தலைமுறை காத்திருக்கும் என்று எடுத்த முடிவு.

ஒபாமா செய்த கெடுதலையும் சொல்ல வேண்டும். உங்கள் பாலிசி பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 2013 இலையுதிர்காலத்தில் பாலிசி ரத்தானதாகக் கடிதம் வந்தவர்கள் எங்கள் கிளினிக்குக்கு போன் செய்து அழுதார்கள், திட்டினார்கள். நவம்பரில் டிவி பேட்டியில் அவர் மன்னிப்புக் கேட்டார். பேலின் சொன்ன பொய்யைவிட இந்த வாக்குறுதிதான் சட்டத்தை அதிகம் காயப்படுத்தியது என்பது என் கருத்து. எங்கள் சூப்பர்வைசர் தீவிரக் குடியரசுக் கட்சிக்காரர், தங்கமான மனுஷி. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காக டாக்டர்களிடம் சண்டை போடுகிறவர். சட்டத்தைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொல்வார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

அப்புறம் அந்த விலை. 1965இல் ஜான்சன் மெடிகேர் கொண்டுவந்தபோது எதிர்க்கட்சியிலிருந்தும் கணிசமான ஓட்டு விழுந்தது. அதனால் பின்னாளில் ஓட்டை ஒடிசலை இரண்டு கட்சியும் அடைத்தன. இந்தச் சட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாநிலம் அமைத்த காப்பீட்டுச் சந்தையில் வாங்கினால் மானியம் என்று ஒரு இடத்தில் வாசகம் விழுந்துவிட்டது; பல மாநிலங்களில் சந்தையை நடத்தியதோ மத்திய அரசு. அதைச் சாதாரணத் திருத்தத்தில் சரிசெய்திருக்கலாம். காங்கிரஸ் செய்யவில்லை. அந்தச் சில வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2015இல் 6-3 என்று தப்பியது. ஒரு எழுத்துப் பிசகுக்காக லட்சக்கணக்கான குடும்பங்களின் மானியம் மாதக்கணக்கில் அந்தரத்தில் தொங்கியது.

எங்கள் மாநிலத்தில் ஒரு விஷயம் வேறு மாதிரி நடந்தது. ஏழைகளுக்கான அரசாங்கக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஒஹாயோ ஆளுநர் ஜான் கேசிக் குடியரசுக் கட்சிக்காரர். சட்டமன்றமும் அவர் கட்சியிடமே இருந்தது, விரிவாக்கத்துக்குத் தடையும் போட்டது. கேசிக் அந்தத் தடையை வீட்டோ செய்து, 2013 அக்டோபரில் கன்ட்ரோலிங் போர்டு என்ற ஏழு பேர் குழுவிடம் போய் 5-2 என்று ஒப்புதல் வாங்கினார். செத்து மேலே போனால், அரசாங்கத்தைச் சின்னதாக்கினாயா என்று கேட்க மாட்டார்கள், ஏழைகளுக்கு என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள் என்ற அர்த்தத்தில் தன் கட்சிக்காரர்களிடமே சொன்னார். சில வருடங்களில் சுமார் 7 லட்சம் பேர் இதில் சேர்ந்தார்கள். அந்தப் பெயின்டர் 2014இல் சேர்ந்தார். இப்போது மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். நான் கேசிக்குக்கு ஓட்டுப் போட்டதில்லை; இந்த ஒரு காரியத்துக்காக அவரை எங்கே பார்த்தாலும் கும்பிடுவேன்.

மெக்கெயினும் அப்படித்தான். பிளேர் ஹவுஸில் சட்டம் செய்த முறையைக் குறை சொன்னவர், 2017 ஜூலையில் தன் கட்சி அதைவிட மோசமான முறையில் ரத்து செய்ய வந்தபோது கட்டைவிரலைக் கீழே காட்டி அதைத் தோற்கடித்தார். 49-51. அதே கட்சியின் சூசன் காலின்ஸும் லிசா முர்கவ்ஸ்கியும் அவரோடு நின்றார்கள். சட்டம் அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை.

2021இல் பைடன் காலத்தில் மானியம் கூட்டப்பட்டது. அதுவும் ஒரே கட்சி ஓட்டில், இரண்டு வருடத்துக்கு மட்டும்; 2022இல் மறுபடி ஒரே கட்சி ஓட்டில் 2025 வரைக்கும் நீட்டித்தார்கள். அதை நீட்டிக்கச் சொல்லி 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கமே முடங்கியது. நீட்டிக்கவில்லை, வருடக் கடைசியோடு முடிந்துவிட்டது. டிரம்ப் தலையிட்டிருந்தால் அவர் கட்சி கேட்டிருக்கும் என்றே நம்புகிறேன். மெடிகேர் வயது வர இன்னும் சில வருடம் இருக்கும் சின்னக் கடைக்காரர்கள்தான் இப்போது அதிகம் அடிபடுகிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பிரீமியம் கட்ட முடியாத நிலை இருந்தால், பாலிசியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். வருமானம் இறங்கியிருந்தால் மெடிகெய்டுக்குத் தகுதி இருக்கிறதா பாருங்கள். வருடத்தில் எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாத, வயதுவந்தவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. பெரிய பில் வந்துவிட்டால், லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளில் நிதி உதவிக்கான விண்ணப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்துமூலமாக அப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்துவது இதே சட்டம்தான். அந்தப் பகுதிக்காகப் பாடுபட்டவர் கிராஸ்லி. கடைசியில் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் அவருடைய பகுதியை யாரும் நீக்கவில்லை. முதல் பில்லை அப்படியே கட்டிவிடாமல் அந்த விண்ணப்பத்தை வாங்குங்கள். வருமானச் சான்றோடு கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கடன் வசூல் கம்பெனிக்கு, அதாவது கலெக்‌ஷனுக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள்.