மேல்வீட்டுத் தம்பிக்கு அரைப்பேர்

இலங்கையின் மலைநாட்டு ஊரான ஹப்புத்தளையில் நான் தங்கியிருந்த மூன்று மாதமும் அந்தத் தெருவுக்கு ஒரே கவலைதான்: மேல்வீட்டுத் தம்பிக்கு எப்போது ஒரு வேலை கிடைக்கும்?

வேலை இருந்தது. டொரொன்டோவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். அவர்களுக்குக் காலை ஒன்பதரை மணி என்றால் இங்கே இரவு ஏழு. ஏழு மணிக்கு உட்கார்ந்து அதிகாலை மூன்று மணிக்கு எழுவேன். நண்பகல் வரை உறங்குவேன். இதையே ஊர்க்கண்ணால் பாருங்கள்: பகலெல்லாம் தூங்குகிறான், மாலையில் கடையில் பிளேன்டீ குடிக்கிறான், நடு இரவில் தனியாகப் பேசிச் சிரிக்கிறான். எனக்கே என் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அப்பாயியும் ஒரு காரணம். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியதே, அதில் ஒருவர் அவர். ஊரைப் பிரிகிறவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வாங்கிய ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, கடைசியில் கோத்தகிரியில் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தவர். பேரன் அதே மலைக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறான் என்றதும் உருகுவார் என்று எதிர்பார்த்தேன். "லயத்துக் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுப் பையைக் கீழே வை" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.

நான் இருந்தது லயம் அல்ல. கடைத்தெருவுக்குச் சற்று மேலே, ஒரு ஆசிரியை அக்கா வீட்டின் மாடி அறை. கூரை ஒழுகவில்லை. சன்னலைத் திறந்தால் தெற்கே மலை சட்டென்று அறுந்து, கீழே சமவெளி கிடக்கும். பிற்பகலில் அந்தப் பள்ளத்திலிருந்து மூடுபனி எழுந்து, அனுமதி கேட்காமல் அறைக்குள் வந்து உட்காரும். துவைத்த சட்டை காய்வதற்கு மூன்று நாள். ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரத்தில் வேறென்ன எதிர்பார்ப்பது?

அக்காவுக்கு என் வேலை ஓரளவு புரிந்தது. அவருடைய மாமியாருக்குத்தான் புரியவில்லை. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். என்னைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தார்.

"பிரட்டு எத்தனை மணிக்கு?"

பிரட்டு என்பது தோட்டத்தில் காலையில் எல்லோரும் களத்தில் கூடி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக்கொள்வது. நல்ல வேளையாக அப்பாயியிடம் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன்.

"ஏழு மணிக்குப் பாட்டி. ராத்திரி ஏழு."

"யார் கூப்பிடுவது?"

"கணினியிலேயே எல்லோரும் வருவோம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்."

"அப்படியானால் பிரட்டுதான்" என்று ஒப்புக்கொண்டார். பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்; அந்தக் கூட்டத்தை இவ்வளவு சரியாக யாரும் விளக்கியதில்லை. அடுத்த கேள்வி: "பேர் போடுவது யார்?" பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மேலாளர் ஒருவர் இருக்கிறார் என்றேன். தோட்டத்தில் வேலையைக் கணக்கிடும் கணக்கப்பிள்ளை என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்.

"ஒரு பேருக்கு என்ன தருகிறார்கள்?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 2024இன் நடுப்பகுதி அது. தோட்டத்து நாள் சம்பளம் 1,700 ரூபாய் ஆகுமா ஆகாதா என்பதுதான் பஸ்ஸிலும் கடையிலும் பேச்சு. அரசிதழான வர்த்தமானியில் அறிவிப்பு வந்தது, கம்பெனிகள் நீதிமன்றம் போயின. என் ஒரு நாள் வருமானத்தை இலங்கை ரூபாயில் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்து, வாய்க்கு வருவதற்குள் ஒரு பூச்சியத்தைக் கழற்றிவிட்டேன். அதற்கே பாட்டி, "உட்கார்ந்த இடத்திலா?" என்றார்.

ஆனியில் ஒரு மாலை, காற்றும் மழையுமாக மின்சாரம் போயிற்று. என் இணையப் பெட்டிக்கு மின்கலம் உண்டு; ஆனால் கீழே அலைபேசிக் கோபுரத்துக்கு உயிர் இல்லை போலிருக்கிறது. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. ஏழு, ஏழே கால், ஏழரை. நான் அதைத் தூக்கிக்கொண்டு சன்னல் சன்னலாக அலைவதைப் பாட்டி வாசற்படியிலிருந்து பார்த்தார்.

"கண் சிவந்திருக்கிறது" என்றார்.

அவர் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர். அங்கே இயந்திரங்களுக்கென்றே ஒரு சாமி உண்டு, ரோதைமுனி. ரோதை, அதாவது சக்கரம், சுழல வேண்டுமென்றால் முனிக்குக் கும்பிடு போட்டாக வேண்டும். இந்தப் பெட்டியும் இயந்திரம்தானே? நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியின் மேல் மூன்று விரலால் திருநீறு பூசி, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றிவிட்டார். திருநீறு காற்றுத் துளைக்குள் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுக்கத் துணிவில்லை.

விளக்கு பச்சையாயிற்று.

கோபுரத்துக்கு மின்சாரம் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பாட்டியின் கணிப்பு உங்களுக்கே தெரியும். பாய்ந்து கூட்டத்துக்குள் நுழைந்தேன். அவசரத்தில் ஒளிப்படக் கருவியை அணைக்க மறந்துவிட்டேன். எனக்குப் பின்னால் பாட்டி தீபத்தை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்பது முகங்கள் திரையில் உறைந்து நின்றன. யாரும் பேசவில்லை. பிறகு, இரண்டு வருடமாக என்னோடு ஆங்கிலம் மட்டுமே பேசிய, பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கி வைத்திருந்த ஒருவரிடமிருந்து தெளிவான யாழ்ப்பாணத் தமிழில் ஒரு குரல் வந்தது:

"அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். திரைச்சீலை பற்றிக்கொள்ளப் போகிறது."

நான் வாயடைத்துப் போனேன். பாட்டி போகவில்லை. கற்பூரத்தோடு திரைக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"நீங்கள்தான் கணக்கப்பிள்ளையா? தம்பிக்குப் பேர் போட்டாயிற்றா?"

யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தோட்டத்துக் கணக்கு எப்படித் தெரியும்? திரையில் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இருக்கிறது அம்மா, பெயர் இருக்கிறது" என்றார் அவர்.

பாட்டி நிம்மதியாகக் கீழே போனார். மறுநாள் நண்பகல் நான் எழுந்து வந்தபோது, ரொட்டியும் கட்டச் சம்பலும் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பேர் இருக்கிறது என்றுதான் அந்தத் தம்பி சொன்னார். ஆனால் நீ பிரட்டுக்குப் பிந்திப் போனாய். அரைப்பேர்தான் விழும். மனத்தில் வைத்துக்கொள்ளாதே."

மாதக் கடைசியில் சம்பளம் முழுதாக வந்தது. பாட்டியிடம் நான் சொல்லவில்லை.