ஐப்பசி மழையும் செவலையின் முதுகும்

ஐப்பசி பிறந்தால் தினமும் என் குதிரை செவலையின் முதுகைத் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிந்துவிடும். முடிக்கு அடியில் நொய் ஒட்டினாற்போல் சின்னச் சின்ன முடிச்சுகள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இது எனக்குத் தெரியாது. திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போய்விட்டுச் செவலை தொப்பலாக நனைந்து வந்தாள். குளிருமே என்று, துடைக்காமலே மேலே சாக்கைப் போட்டு மூடினேன். அடுத்த வாரம் முதுகெல்லாம் பொருக்கு. "சொறிதாண்டா, வேப்பெண்ணெய் தடவு" என்றார் சித்தப்பா. நாலு நாள் தடவினேன். பொருக்கு தடித்ததுதான் மிச்சம். சேணத்தைத் தூக்கினாலே விலகி ஓடினாள்.

கால்நடை டாக்டர் ஒரு பொருக்கை நனைத்து, மெல்ல எடுத்துக் காட்டினார். அடியில் முடியெல்லாம் பெயிண்ட் பிரஷ் முனைபோல ஒரே கொத்தாக வந்தது. அந்த இடத்தில் ரோஸ் நிறத் தோல், அதன்மேல் ஒரு சொட்டு மஞ்சள் சீழ். "தம்பி, இது பூஞ்சை இல்ல, பாக்டீரியா. டெர்மடோஃபிலஸ்னு பேரு. ஈரத்துல ஊறின தோல்ல, ஈ கடிச்ச புண்ணுல உள்ள போயிரும். எண்ணெயைப் போட்டு ஈரத்தை உள்ளயே பூட்டிட்டீங்க." அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

குளோர்ஹெக்ஸிடின் கலந்த மருந்துச் சோப்பு எழுதிக் கொடுத்தார். நுரையாகத் தேய்த்து 10 நிமிடம் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டுக் கழுவினால் மருந்து வேலை செய்யாது. ஊறித் தானாகக் கழன்று வருகிற பொருக்கை மட்டும் எடுக்கலாம். காய்ந்ததைப் பிய்த்தால் உயிர்போகிற வலி. எடுத்ததைக் கையுறை போட்டு அள்ளி எரித்துவிடுவேன், பொருக்குக்குள் கிருமி ரொம்ப நாள் உயிரோடிருக்கும். மனுஷனுக்கும் எப்போதாவது தொற்றுமாம். பிறகு அப்பாவின் பழைய வேட்டியால் ஒற்றி ஒற்றி, முடியின் வேர்வரை காயவைப்பேன். உண்மையான மருந்து அந்த வேட்டிதான் என்பேன். முற்றிப்போய்க் காய்ச்சலும் வந்தால் பென்சிலின் ஊசி தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு பண்ண வேண்டும்.

அதிலிருந்து ஒவ்வொரு குதிரைக்கும் தனி பிரஷ், தனித் துணி. தண்ணீர் தேங்கிய லாயத்தில் கிராவல் அடித்துத் தரையை உயர்த்தினேன். ஈ மொய்க்காமல் இருக்கச் சாணத்தை இரண்டு வேளையும் அள்ளுகிறோம். நனைந்த உடம்பில் சாக்கு போடுவதே கிடையாது.

நேற்று மதியம் நல்ல மழை. துடைத்துவிட்டுத்தான் கொள்ளு வைத்தேன். வெள்ளை முடி உள்ள பின்னங்காலில், குளம்புக்கு மேலே உள்ள குழியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. காலையில் கழுவியாச்சு. சாயந்திரம் வெயில் அடித்தால் வெளியே கட்ட வேண்டும்.