ஒன்பது ஆறான கணக்கு

"பொண்ணு பெருசாயிட்டா, அதாங்க."

நான் சொன்னது இவ்வளவுதான். ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க நாங்கள் வைக்கும் சோதனைகளில், தொங்கிக்கொண்டு காலைத் தூக்கும் சோதனையில் முந்தின வருடம் 9 எடுத்த பிள்ளை அன்றைக்கு 6 எடுத்திருந்தாள். தாளைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா, "ஏனுங் டீச்சர், தெனமும் பயிற்சிக்கு வந்துட்டுத்தானுங்களே இருக்கா, எப்புடிக் கொறஞ்சுது?" என்று கேட்டார். என் பதிலைக் கேட்டதும் ஒரு கணம் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் இல்லீங்க" என்றார். நான் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டேன்.

அவர் எதற்கு 'இல்லை' என்றார் என்பது நாலைந்து பிள்ளைகள் முடிந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் வேலந்தாவளம் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

கேரளத்தின் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோரம், நாள் முழுக்க இரண்டு மொழியில் பேசிப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும். சற்று முன்புதான் ஒரு மலையாளத் தாயிடம் 'குட்டி வலுதாயி' என்று சொல்லியிருந்தேன். வளர்ந்துவிட்டாள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதே வாயோடு தமிழுக்குத் திரும்பி 'பெருசாயிட்டா' என்றேன். தமிழில் அது வயதுக்கு வந்துவிட்டாள் என்றும் ஆகும். அதுவும் 9 வயதுப் பெண்ணின் அம்மாவிடம், பெஞ்சில் மற்ற அம்மாக்கள் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது. வளர்ந்திருக்கா, ஒசந்துட்டா, காலு நீண்டுருச்சு, எத்தனை வார்த்தை இருந்தது!

சொல்ல வந்த விஷயத்தில் தப்பில்லை. 128 செ.மீ. இருந்தவள் 134 ஆகியிருந்தாள். அந்த வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. என்பது சாதாரண வளர்த்திதான். ஆனால் அதே உடல்வாகோடு உயரம் நூற்றுக்கு 5 கூடினால் எடை நூற்றுக்கு 16 வரை கூடும். தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு 10தான் கூடும், பலமோ அந்தப் பரப்பைப் பொறுத்தது. தூக்க வேண்டிய கால் கனத்தது மட்டுமில்லை, நீண்டும் போயிருக்கிறது. குட்டை அகப்பையைக் காம்பு நுனியில் பிடித்துத் தூக்குவதற்கும் நீள அகப்பையைத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம். பயிற்சியில் ஒரு குறையும் இல்லாமலே எண்ணிக்கை இறங்கும். இதை விளக்காமல் 6 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிள்ளைக்குத் திட்டு விழும். அதைத் தடுக்கத்தான் வாயைத் திறந்தேன். என்னை நானே தேற்றிக்கொள்வது இப்படித்தான்.

உயரம்தான் காரணமா என்பது வேறு கேள்வி. திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உயரத்தால் ஒன்று குறையலாம், போனால் போகிறது இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று குறைந்ததே?

இந்தச் சோதனையைச் சுவரோடு பொருத்திய ஸ்டால் பாரில்தான், அதாவது ஏணி மாதிரி வரிசையாகக் கட்டைகள் வைத்த சட்டத்தில்தான், செய்ய வேண்டும். முதுகு கட்டைகளில் பதிந்திருந்தால் ஊசலாட முடியாது. வெறும் கம்பியில் தொங்கவிட்டால் இரண்டாவது தூக்கலிலேயே உடம்பு ஆட ஆரம்பித்து, அந்த ஆட்டமே மூன்று நான்கை இலவசமாகக் கொடுத்துவிடும். கால் விரல்கள் கைகளுக்கு நடுவே கட்டையைத் தொட வேண்டும். முட்டி மடங்கினால் கணக்கில் சேராது. கீழே வரும்போது கால் முழுக்கத் தொங்கி நிற்க வேண்டும். முந்தின வருடம் இதைத்தான் முதலில் வைத்தோம், கயிறு ஏறுவது கடைசி. அவள் 6 எடுத்த வருடம் 10 மணிக்கு மேல் ஹாலின் நடுப்பகுதியைப் பேட்மின்டன்காரர்களுக்கு விட வேண்டியிருந்தது. ஆகவே நடுவில் தொங்கும் கயிறு முதலில் வந்தது. கயிற்றில் காலை விரித்து முன்னால் நீட்டியபடியே கையால் மட்டும் ஏற வேண்டும். விரல் பிடி, முன்கை, அடிவயிறு, தொடையின் மேல்பகுதி எல்லாம் அதிலேயே களைத்துவிடும். கால் தூக்கத் தேவைப்படுவதும் அதே நாலும்தான். போதாததற்குப் பழைய பருத்தி வடம் பிரிந்துபோய், அதன் இடத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் கை காய்ந்து போயிருக்கும், நார் கயிறு உள்ளங்கையைச் சீவிவிடும். நாங்கள் கொடுத்த 5 நிமிட இடைவெளி கையின் சிவப்பு அடங்கவே காணாது.

வரிசையை மாற்றினால் போன வருட எண்ணோடு ஒப்பிடாதே என்று புதிதாகச் சோதிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அன்றைக்கு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த அம்மாவிடம் காட்டியதும் நான்தான். ஆக, வார்த்தையும் தவறு, காரணமும் பாதிக்கு மேல் தவறாக இருக்கலாம்.

மற்ற எண்கள் மட்டும் பத்தரைமாற்றுத் தங்கமா என்ன. 20 மீட்டர் ஓட்டத்தை ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தி எடுக்கிறோம். கைக்கும் மின்னணுக் கருவிக்கும் வரும் வித்தியாசத்துக்காகத் தடகளத்தில் 0.24 விநாடி கூட்டுகிற வழக்கம் இருந்தது. எங்கள் பிள்ளைகளில் முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே அவ்வளவு தூரம்கூட இருக்காது. கால்களை விரித்துத் தரையில் உட்காரும் ஸ்ப்ளிட்டில் இடுப்பை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டால் தரை தொட்ட மாதிரித் தெரியும். உடம்பு சூடேறாத காலை 7 மணிக்கு அளந்தால் அதே பிள்ளை நாலு விரல் மேலே நிற்கும்.

இந்த வருடம் அந்தப் பிள்ளை சோதனைக்கு வரவில்லை. அதே தெருவிலிருந்து வரும் மற்ற மூன்று பேரும் வரவில்லை. இரண்டு பெஞ்ச் நிறைய உட்காரும் பெற்றோர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிட்டார்கள். ஆடி வரைக்கும் பயிற்சிக்கு வந்தாள், பிறகு டியூஷன் என்று நிறுத்திவிட்டார்கள் என்று அவளுடைய பயிற்சியாளர் சொன்னார்.

டியூஷன் உண்மையாகவே இருக்கலாம். நாலாம் வகுப்பில் அரசு உதவித்தொகைப் பரீட்சை வருகிறது. அதில் தேறினால் பணம் உண்டு, பள்ளிக்கூட வாசலில் படம் போட்டு பேனர் வைப்பார்கள். எங்கள் தாளில் 6 என்று இருக்கும். விளையாட்டுக்குக் கிடைக்கும் கிரேஸ் மார்க் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ சமயத்தில்தான் உதவும், அதுவும் பெரிய போட்டிகள் வரை போனால். 8, 9 வயதுச் சோதனைக்கு எதுவும் இல்லை. சோதனை அறிவிப்பு மலையாளத்தில் வரும். தமிழ் மீடியம் பிள்ளையின் அம்மா அதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லும்போது தேதி தாண்டியிருக்கும். ஆதாரில் பொள்ளாச்சிப் பக்கத்து முகவரி இருந்தால் எந்த மாநிலக் கணக்கு என்று ஒரு தனி வழக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓட்டமும் தாண்டுதலும் வைத்துத் திறமை தேடுவது ஆறாம் வகுப்பிலிருந்துதான், அந்த வயதில் ஜிம்னாஸ்டிக்ஸைத் தொடங்குவது தாமதம். விளையாட்டுத் திறமை தேடும் மத்திய அரசின் கீர்த்தி திட்டம் 2024 மார்ச்சில் ஆரம்பித்தது, 9 வயதிலிருந்து 18 வரை. மற்ற விளையாட்டுக்கு 9 தொடக்கம், இதற்கு ஆறேழு வயதிலேயே அடித்தளம் விழுந்திருக்க வேண்டும்.

பயிற்சியாளர்களே பிள்ளைகளை அனுப்பத் தயங்குவதும் உண்டு. சோதனைக்காக மூன்று வாரம் கயிறும் கால் தூக்கலும் செய்தால் பீம் கிடப்பில் போகும். 125 செ.மீ. உயரத்தில் 10 செ.மீ. அகலக் கட்டையில் நிற்கும் தைரியத்தை எந்தச் சோதனையும் அளப்பதில்லை என்பார்கள். தட்டைப் பாதத்தோடு விளையாட வந்த தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட்டில் (ஓடி வந்து மேசையைத் தாண்டுவது) நாலாவதாக வந்ததைச் சொல்லிக் காட்டுவார்கள். பதில் சொல்லக் கஷ்டம்தான். பாட்டிமார்களுக்கு வேறு கவலை, "சர்க்கஸுக்கா உடறீங்க?" என்று. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தொடங்கிய மாநிலத்தில் அது அப்படியொன்றும் அர்த்தமில்லாத கேள்வியும் இல்லை.

இவ்வளவு காரணம் அடுக்கிய பிறகும் அந்த நாலு பேரும் ஒரே தெரு என்பது மட்டும் உறுத்துகிறது.

பேசாமல் பெற்றோரை வெளியே உட்கார வைத்திருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. உள்ளே இருந்ததால்தானே எல்லோர் காதிலும் விழுந்தது. அமெரிக்காவில் இதே மாதிரிச் சோதனைக்கு டாப்ஸ் என்று பெயர், சின்னப் பெண் பிள்ளைகளின் பலத்தையும் வளைவையும் அளந்து தேர்ந்தெடுப்பது. தேசிய அளவில் தேறினவர்கள் டெக்சாஸில் ஒரு பண்ணைக்குள் நடக்கும் முகாமுக்குப் போனார்கள், பெற்றோருக்கு அங்கே அனுமதி கிடையாது. அணி மருத்துவர் லாரி நாசர் பிள்ளைகளுக்குச் செய்த பாலியல் கொடுமையெல்லாம் வெளியே வந்து, 2018 ஜனவரியில்தான் அந்தப் பண்ணையோடு உறவை முறித்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு நான் போட்ட விதிதான் அம்மாவோ அப்பாவோ ஹாலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது. ஒரு வார்த்தை தவறியதற்காக அந்தக் கதவைச் சாத்த மாட்டேன். மேசையைப் பெஞ்சிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டிருக்கிறேன். தாளில் உட்கார்ந்த உயரத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்தாயிற்று, நின்ற உயரத்தில் அதைக் கழித்தால் கால் எவ்வளவு நீண்டது என்று தெரியும். கயிறு மறுபடி கடைசிக்குப் போய்விட்டது.

வேலந்தாவளத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் பேசலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? அவர் மறந்திருந்தால் நானே போய்க் கிளறின மாதிரி ஆகும். மறக்காமல் இருந்தால் அதைவிட மோசம்.

இந்த வருடமும் ஒரு பிள்ளைக்கு 8 இருந்தது 6 ஆனது. அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலு நீண்டிருக்குதுங்க, தூக்கறதுக்குக் கனம், கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. அவர் தலையாட்டினார். புரிந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். வரிசையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், மணி பத்தாகப் போகிறது, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.